ஆய்வேடு இருக்கிறது, மூலத்தரவு எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலும் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. அவை ‘சோத்கங்கா’ என்ற இணையக் களஞ்சியத்தில் சேர்கின்றன, நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஆய்வுகளின் முடிவுகளுக்கு ஆதாரமான களக் குறிப்பேடுகள், ஒலிநாடாக்கள், ஆய்வக நோட்டுகள்? வாய்மொழித் தேர்வு முடிந்ததும் பல துறைகளில் அவை பீரோவுக்குள் முடங்குகின்றன. நெறியாளர் ஓய்வுபெற்றதும் எடைக்குப் போகின்றன. ஒரு மூதாட்டி பாடிய ஒப்பாரி ஒலிநாடாவில் பூஞ்சை பிடித்துவிட்டால், மறுபடி பதிவு செய்ய அவர் இருக்கமாட்டார்.

பட்டம் வழங்கும் முன்பே மூலத்தரவை நூலகத்தில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். எத்தனை ஆண்டு பாதுகாப்பது, யார் பார்க்கலாம், பேட்டி தந்தவர்களின் அடையாளத்தை எப்படிக் காப்பது என்பதையும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதியாக எழுதிவைக்க வேண்டும்.

– ஓய்வுபெற்ற நூலகர், மதுரை