பதிவு போடுவது மட்டும்தானா அவர்கள் வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார இதழில் தனியார் மருத்துவமனைகள் பற்றிய கட்டுரையில், வரவேற்பில் இருப்பவரின் வேலை பதிவு போடுவது மட்டுமே என்றும், அவரிடம் போய் நோயைச் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் வரிசை நீளுகிறது என்றும் ஒரு வரி வந்திருக்கிறது. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. பின்னே யாரிடம் சொல்வது ஐயா? வாசலில் நுழைந்ததும் எங்கள் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆள் அவர்தானே!

போன ஐப்பசியில் ஒரு காலை, என் கணவரின் கையிலிருந்து காபி டம்ளர் நழுவியது. வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. ஆட்டோ பிடித்து ஊரில் பெயர்பெற்ற ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பழைய நம்பர் இருக்கா? ஆதார் கொண்டுவந்திருக்கீங்களா?” “வாய் கோணிப்போச்சும்மா, சரியா பேசவும் முடியல” என்றேன். “நியூரோ டாக்டர் பதினோரு மணிக்குத்தான் வருவார். டோக்கன் போட்டுத் தர்றேன், உக்காருங்க” என்றாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாதான் அவர் முகத்தை ஒரு முறை பார்த்தார். கையிலிருந்த மாப் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, வீல்சேரை இழுத்துவந்து, “டோக்கனெல்லாம் அப்புறம், முதல்ல கேஷுவல்டிக்கு வாங்க” என்று தள்ளிக்கொண்டே போய்விட்டார். அவர் அன்று அந்த இடத்தில் இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, அந்த உறைவைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு வந்த பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. அந்தப் பத்து நிமிடமும் செல் நம்பர் கேட்பதிலேயே கரைந்துபோனால், உள்ளே எவ்வளவு பெரிய நிபுணர் இருந்து என்ன பயன்? உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவருக்கு எந்தச் சம்பிரதாயத்தையும் காரணம் காட்டிச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அது வரவேற்பு மேஜை வரை வந்து சேரவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். என் தங்கை மகள், கல்யாணமாகாத பெண், மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனாள். “என்ன பிரச்சினை? சத்தமா சொல்லு, கேக்கல” என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து கேட்டிருக்கிறார்கள். பின்னால் நின்ற ஆண்கள் உட்பட அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். சீட்டு வாங்காமலே வீடு திரும்பிவிட்டாள். அதன்பிறகு அவளை எந்த மருத்துவமனைக்கும் கூப்பிட முடியவில்லை.

எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மா முதல்வரின் காப்பீட்டு அட்டையை நீட்டியபோது, “அதெல்லாம் இங்க இல்ல, அந்தப் பக்கம் கேளுங்க” என்று ஒரு கை அசைவு. ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கும் திட்டம் அது. அந்த மருத்துவமனை வாசலிலேயே அதற்குப் பலகையும் வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று எழுந்து காட்ட ஒருவருக்கு மனம் வரவில்லை. அந்த அம்மா கடன் வாங்கித்தான் ஆபரேஷனுக்குப் பணம் கட்டினார்.

அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பில், டோக்கன், போன் எல்லாவற்றையும் ஒருத்தி தலையில் கட்டி, பத்து மணி நேரம் உட்காரவைத்து, சொற்பச் சம்பளம் கொடுக்கிறார்கள். வாய் கோணல், கை கால் மரத்துப்போவது, மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, இவற்றைக் கண்டால் உடனே கேஷுவல்டிக்கு அனுப்பு என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒரு மதிய நேரம் போதும் இதைக் கற்றுக்கொடுக்க. கூடத்துக்குப் பளிங்குக்கல்லும் செயற்கை நீரூற்றும் வைக்கப் பணம் இருக்கிறவர்களுக்கு இதற்கு நேரமில்லை என்றால், நான் எப்படி ஒப்புக்கொள்வது?

தங்கள் இதழில் அடிக்கடி மருத்துவமனை நிர்வாகிகளின் பேட்டி வருகிறது. அடுத்த பேட்டியில் இரண்டே கேள்வி கேளுங்கள். வரவேற்பு ஊழியர்களுக்கு ஆபத்தான அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்களா? முதியவர்கள் எட்டிப் பேச வேண்டியிராதபடி அந்தக் கண்ணாடித் துளையைக் கீழே இறக்கி, முன்னால் ஒரு நாற்காலி போட முடியுமா? பதிலைச் சுருக்காமல் அப்படியே அச்சிடுங்கள்.

என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கணவருக்குப் பிசியோதெரபி இன்னும் அதே மருத்துவமனையில்தான் நடக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியை, திருச்சி