பேக்லைட்டா, செல்லுலாய்டா: லதாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள லதா,

கடிதமும் படங்களும் கிடைத்தன. உன் மூன்று பழைய நகைகளையும் பேக்லைட் என்ற பழங்காலப் பிளாஸ்டிக் என்று சொல்லித்தான் விற்றார்களாம். படங்களைப் பார்த்தால் எனக்கு மூன்றும் வெவ்வேறு பொருளாகத் தெரிகின்றன. ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். செல்லுலாய்டு என்ற இன்னொரு பழைய பிளாஸ்டிக்காக இருந்தால் குப்பென்று தீப்பிடித்துவிடும். வேறு எதுவானாலும் நகையில் தழும்புதான் மிஞ்சும்.

முதலில் அந்த மஞ்சள் வளையல். வேதியியலாளர் லியோ பேக்லண்ட் 1907இல் கண்டுபிடித்த பேக்லைட் ஒரு ஃபீனால் பிசின். அதில் மரத்தூள் போன்றவற்றைக் கலந்து அச்சில் அழுத்துவார்கள். அதனால் நிறம் பெரும்பாலும் கறுப்பு, பழுப்புதான். அவருடைய காப்புரிமை 1927இல் முடிந்த பிறகு, அதே ஃபீனால் பிசினை எதுவும் கலக்காமல் வார்த்துப் பல வண்ணங்களில் கொண்டுவந்தது கேட்டலின். 1930களின் வண்ண வளையல்களில் பெரும்பாலானவை இதுதான். குழாயாக வார்த்து, வெட்டி, கடைந்து செய்தவை. எனவே அச்சு சேர்ந்த கோடு இருக்காது. நகத்தால் தடவிப் பார். கோடு தட்டுப்பட்டால் அங்கேயே சந்தேகப்படு.

அடுத்தது வாசனை. கட்டை விரலால் ஓர் இடத்தைச் சூடேறும்வரை தேய்த்து உடனே முகர்ந்து பார். ஒன்றும் தெரியாவிட்டால் குழாயில் வரும் சுடுநீரில் அரை நிமிடம் காட்டு. ஃபார்மலினும் கார்பாலிக் சோப்பும் கலந்தாற்போல நெடி வந்தால் ஃபீனால் பிசின். பிறகு ஸிமிக்ரோம் என்ற மெட்டல் பாலிஷைக் காதுக்குச்சியில் துளி எடுத்து, உள்பக்கம் லேசாகத் தேய். இளஞ்சிவப்புப் பசை பஞ்சில் மஞ்சளானால் சந்தேகமில்லை. ஆகாவிட்டால் அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதே: கறுப்பு நிறத்திலும், மேலே வார்னிஷ் பூசியதிலும், புதிதாகப் பாலிஷ் போட்டதிலும் இந்தச் சோதனை அடிக்கடி ஏமாற்றும். வளையல் முழுவதையும் தேய்த்துவிடாதே. இந்த மஞ்சளே, ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்த பரப்பு காற்றுபட்டு நிறம் மாறியதாக இருக்கலாம். தேய்த்தால் அது போய்விடும்.

கல் பதித்த தந்த நிற வளையலைத் தண்ணீரில் போடாதே. கல்லின் பின்னுள்ள தகடு கறுத்துவிடும். மெல்லியதாக, கனமில்லாமல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். விரலால் தேய்த்தாலே கற்பூரம் மணந்தால் செல்லுலாய்டு. நமக்குத் தப்பாத மணம் அது. தந்தமோ என்ற ஐயம் வேண்டாம்: செல்லுலாய்டில் நேர்கோடுகள் ஒரே சீராக ஓடும், யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னும். எரிந்த பால் போல நெடி வந்தால் அது பால்புரதத்தில் செய்த கேலலித். அதுவும் தண்ணீரில் ஊறினால் உப்பி வெடிக்கும்.

செல்லுலாய்டு என்று தெரிந்தால் உடனே தனியாக எடுத்து வை. அது சிதையத் தொடங்கினால் நைட்ரிக் அமிலப் புகை விடும். பக்கத்திலுள்ள ஊக்கும் கொக்கியும் பச்சை பூத்துப்போகும், அடுத்த செல்லுலாய்டும் கெடும். உள்ளே நுண்ணிய வெடிப்புகள், மேலே பிசுபிசுப்பு, இரண்டும்தான் ஆரம்ப அறிகுறி. ஜிப் பையில் அடைக்காமல் காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் வை.

உன் அக்காவின் தேன்நிற மணிமாலை அம்பர்தானா (புதைந்து இறுகிய பழங்கால மரப்பிசின்) என்பதற்கு: 250 மி.லி. தண்ணீரில் 60 கிராம் உப்பைக் கரைத்து, கோக்காத மணி ஒன்றைப் போடு. அம்பர் மிதக்கும், கேட்டலினும் அக்ரிலிக்கும் மூழ்கும். ஆனால் கோபால் (copal) என்ற மரப்பிசினும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும்கூட மிதக்கும். ஆகவே மூழ்கினால் அம்பர் இல்லை என்று சொல்லலாம், மிதந்ததை மட்டும் வைத்து அம்பர் என்று சொல்ல முடியாது.

கறுப்பு ப்ரூச்தான் என்னை யோசிக்க வைக்கிறது. 1861இல் ஆல்பர்ட் இளவரசர் இறந்து விக்டோரியா ராணி துக்கம் பூண்டபின், இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும் கறுப்பு ஜெட் கல் நகைகளுக்குக் கிராக்கி ஏறியது. அதற்கு மலிவான மாற்றாக வந்தது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான வல்கனைட். பீங்கானின் மெருகில்லாத அடியில் உரசினால் இரண்டுமே பழுப்புக் கோடு விடும். அந்தச் சோதனை இங்கே உதவாது. தேய்த்தால் கந்தக வாடை வருகிறதா, வெளிச்சம் பட்ட முன்பக்கம் பின்பக்கத்தைவிடப் பழுப்பேறியிருக்கிறதா என்று பார். சுடுநீர் காட்டினால் வல்கனைட் நிறம் மாறும், அதனால் இந்த ப்ரூச்சில் சுடுநீர் படவே விடாதே. செதுக்கிய ஜெட்டில் விளிம்புகள் கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்ததில் மழுங்கியிருக்கும்.

பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் ஒரு படம் எடுத்து அனுப்பு, ஊக்கு பொருத்திய இடம் தெளிவாகத் தெரியட்டும்.

அன்புடன்,
கீதா