நித்தியகல்யாணிக் கஷாயம் புற்றுநோய் மருந்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளியான மூலிகைக் கட்டுரையில், ‘நித்தியகல்யாணி இலையைக் கஷாயமிட்டுக் குடித்தால் புற்றுநோய் கரையும்’ என்று ஒரு வரி இருந்தது. என் அக்கா கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறார். இதழ் வந்த அன்று மாலையே எங்கள் அடுப்பில் அந்த இலை கொதித்துக்கொண்டிருந்தது. கிள்ளிய காம்புகளில் பால் வடிந்தபடி இருக்க, தண்ணீர் பச்சையாகி, கசப்பு வாடை வீடு முழுக்கப் பரவியிருந்தது. நான்தான் பிடுங்கிக் கொட்டினேன்.

மூலிகை மருத்துவத்தை நான் பழிக்கவில்லை. அந்தச் செடியின் வரலாறே அதற்குப் பெருமை சேர்ப்பதுதான். மடகாஸ்கரில் தோன்றி வெப்பமண்டலமெங்கும் பரவிய அந்தச் செடியை மக்கள் சர்க்கரை நோய்க்குத்தான் பயன்படுத்தினார்கள். 1950களில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு வந்த இலைகளை ஆய்வாளர் ராபர்ட் நோபிளும் அவருடைய குழுவினரும் சோதித்ததும் அதற்காகவே. எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. அதே சாற்றை ஊசியில் ஏற்றியபோது எலிகள் தொற்று கண்டு மடிந்தன. நோய்த்தொற்றை எதிர்க்கும் ரத்த வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. அந்தத் தடயத்தைப் பிடித்துத்தான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். பின்னர் அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் முக்கிய மருந்து.

கட்டுரை விட்டுவிட்டது இதைத்தான். ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அதையும் ரத்த நாளத்தில் மட்டுமே, நோயாளியின் உடல் அளவைக் கணக்கிட்டு, மில்லிகிராமில் செலுத்துகிறார்கள். வீட்டில் காய்ச்சும் கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கியிருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்? சிகிச்சையால் ஏற்கெனவே வெள்ளணுக்கள் குறைந்து, சாதாரணச் சளிக்கே அஞ்சி வாழ்பவர் அக்கா. அவரிடம் போய் அந்தக் கோப்பையை நீட்டப் பார்த்தோம்.

பெயர்க் குழப்பம் வேறு. பிரம்மி என்றால் சிலருக்கு நீர்ப்பிரம்மி, சிலருக்கு வல்லாரை. இரண்டும் வெவ்வேறு குடும்பத்துச் செடிகள்.

ஆகவே, மூலிகைக் குறிப்பு வெளியிடும்போது தாவரவியல் பெயர், பயன்படும் பாகம், யார் தொடக்கூடாது என்பவற்றையும் கட்டாயம் அச்சிடுங்கள். அந்த வரிக்கு அடுத்த இதழிலேயே, கட்டுரை வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுங்கள். இன்னும் எத்தனை வீட்டு அடுப்பில் அது கொதிக்கிறதோ!

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி