உரிமத்துக்குக் கொடுக்கும் பாஸ்போர்ட் நகல் எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கு தூக்கும் வண்டி) உரிமம் எடுப்பது பற்றிய உங்கள் கட்டுரை பயிற்சி, தேர்வு, கட்டணம் என எல்லாவற்றையும் சொன்னது. விண்ணப்பத்தோடு போகும் பாஸ்போர்ட் நகல் யார் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. புதிதாக வந்தவர்கள் அகப்பட்டுக்கொள்வது அங்கேதான்.

உரிமம் கொடுக்கும் சேஃப்வொர்க் அமைப்புக்குத் தேவையானவற்றை விதிமுறையே வரையறுக்கிறது: பெயர், வீட்டு முகவரி, புகைப்படம், வயதுக்கும் அடையாளத்துக்கும் சான்று, விண்ணப்பத்துக்கு முந்தைய 60 நாளுக்குள் பெற்ற தேர்ச்சிச் சான்று. பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றதுண்டா, முன்பு உரிமம் மறுக்கப்பட்டதோ ரத்தானதோ உண்டா என்ற உறுதிமொழியும் வேண்டும். டிஎஃப்என் எனப்படும் வரி எண் இந்தப் பட்டியலில் இல்லை. யாராவது உரிமத்துக்காக அதைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அரசு அமைப்பு என்பதால் சேஃப்வொர்க்கை 1998ஆம் ஆண்டின் மாநிலத் தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. விவரங்களை எதற்காக வாங்குகிறது, யாருக்குக் கொடுக்கும், கொடுக்காவிட்டால் என்ன ஆகும், பிறகு எப்படிப் பார்த்துத் திருத்தலாம் என்பதை அது விண்ணப்பதாரருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 10ஆம் பிரிவு. படிவத்தில் பலரும் படிக்காமல் தள்ளிவிடும் பொடி எழுத்துப் பகுதி அதுதான். தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது என்கிறது 12ஆம் பிரிவு.

இடையில் நிற்பவர்கள் கதை வேறு. "நான் அப்ளை பண்ணித் தருகிறேன், வாட்ஸ்அப்பில் பாஸ்போர்ட்டை அனுப்புங்கள்" என்னும் ஏஜென்டுக்கு இந்த மாநிலச் சட்டம் பொருந்தாது. தனியாருக்கான 1988ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டமும், ஆண்டு விற்றுவரவு 30 லட்சம் டாலரைத் தாண்டாத பெரும்பாலான சிறு நிறுவனங்களை விட்டுவிடுகிறது. ஆக, மிகக் குறைந்த பொறுப்புள்ளவரிடம்தான் நாம் மிக முக்கியமான ஆவணத்தைக் கொடுக்கிறோம். எனக்கு இதுதான் பெரிய கவலை. விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து உங்கள் இணையக் கணக்கிலிருந்தே போடுங்கள்.

இன்னொன்று, "இன்றைக்குள் ஆவணம் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் ரத்து" என்று வரும் குறுஞ்செய்தி. சேஃப்வொர்க் கூடுதல் விவரம் கேட்டால் குறைந்தது 28 நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. இன்றைக்குள் என்று மிரட்டுவதை நம்ப வேண்டாம்; அதிலுள்ள இணைப்பைத் தொடாமல் சேஃப்வொர்க்கையே அழைத்துக் கேளுங்கள்.

உரிம அட்டையில் புகைப்படத்தோடு பிறந்த தேதியும் இருக்கும். வாடகை வீடு மாறியவர்கள் 14 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். மறந்துவிட்டால், ஐந்தாண்டு முடிந்து புதுப்பிக்கும்போது அட்டை பழைய வீட்டுக்குப் போய், முன்பின் தெரியாதவர் கையில் சேரக்கூடும். முதலாளி அட்டையைப் பார்த்து, அந்த ஆதாரத்தின் பதிவை வேலை முடிந்தபின் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். அந்த விதிக்கு அட்டையின் நகல் போதும். அதைக் காரணம் காட்டி பாஸ்போர்ட்டையும் கேட்டால், எதற்கென்று கேளுங்கள்.

சேஃப்வொர்க்கே தவறாகக் கையாண்டதாகத் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அவர்களிடமே உள் மறுஆய்வு கோரலாம். 60 நாளில் முடிவு வராவிட்டாலோ, வந்த முடிவில் நிறைவில்லை என்றாலோ, அடுத்த 28 நாளுக்குள் என்கேட் எனப்படும் மாநிலக் குடியியல், நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பண இழப்போ உடல், மன பாதிப்போ நேர்ந்திருந்தால் 40,000 டாலர் வரை இழப்பீடு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. மறுஆய்வுக் கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும். பதில் அனுப்ப ஆஸ்திரேலியாவுக்குள் ஒரு முகவரியும் வேண்டும். விசா முடிந்து ஊருக்குத் திரும்பியவர்கள் இங்குள்ள நண்பரின் முகவரியையாவது அதில் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
உரிமப் பயிற்சித் துறையிலிருந்து ஒரு வாசகர்,
வென்ட்வொர்த்வில், சிட்னி