பசியை நீக்கிவிட்டு வள்ளலாரைக் கற்பிக்காதீர்கள்

தத்துவப் பாடத்திட்டக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கல்லூரியில் எனக்கு வாய்த்த வள்ளலார் பாடம் மூன்றே பக்கம். அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை, மரணமிலாப் பெருவாழ்வு ஆகியவற்றுக்கு விளக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அவர் யார் நடுவில் நின்று இவற்றைச் சொன்னார் என்று அந்தப் பக்கங்களில் ஒரு வரிகூட இல்லை.

பல ஆண்டுகள் கழித்து, உயிர்களிடம் காட்டும் இரக்கமான ஜீவகாருண்யத்தைப் பற்றி வள்ளலார் எழுதிய உரைநடை நூலான ‘ஜீவகாருண்ய ஒழுக்கத்தை’ப் படித்தேன். பசி முற்றினால் உடம்பு என்னவாகும் என்று அதில் அவர் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார். கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு வறள்கிறது, அறிவு மயங்குகிறது, கடவுளைப் பற்றிய அறிவும் மறைகிறது. பட்டினி கிடந்தவர்களை அருகிருந்து பார்த்தவரின் எழுத்து இது என்றே எனக்குப் பட்டது. 1866இல் சென்னை மாகாணம் பஞ்சத்தில் வாடியது. 1867 மே 23 அன்று வடலூரில், பசித்தவர்களுக்கு உணவிட அவர் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு மூட்டப்பட்டது. ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்ற அவருடைய கூற்றை இந்த இரண்டு ஆண்டுகளோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஜீவகாருண்யம் இல்லாத ஞானமும் யோகமும் தவமும் விரதமும் கடவுளின் அருளைப் பெற்றுத் தராது என்று அவர் துணிந்து சொன்னதன் கனம் அப்போதுதான் தெரிகிறது. பஞ்சம் அவருடைய இறையியலுக்குள்ளேயே புகுந்திருக்கிறது.

சாதியும் அப்படியே. பசித்து வந்தவரின் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்காமல் உணவிடச் சொன்னார். பல சத்திரங்களில் சாதி பார்த்தே இலை போட்ட காலம் அது. சென்னைக் கந்தகோட்டத்து முருகனைப் பாடிய இளைஞர், பிற்காலத்தில் நால்வருணத்தையும் ஆசிரமத்தையும் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். இடையில் 1867இல் அவருடைய பாடல் தொகுப்பான திருவருட்பா அச்சேறியது; அதை அருட்பா, அதாவது இறையருளால் பிறந்த பாடல், என அழைக்கலாமா என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரின் தரப்பு பெரும் போர் தொடுத்தது. புனித நூல் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு? அச்சு இயந்திரம் பரவிவந்த சமூகத்தில் எழுந்த கேள்வி அது. இந்தச் சண்டையைத் தனிமனிதப் பகையாகச் சுருக்கிச் சொல்வது மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்துச் சொல்வதைத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். வள்ளலாரை நான் நேசிக்கிறேன். 1872 தைப்பூசத்தில் வடலூரில் அவர் திறந்த வழிபாட்டிடமான சத்திய ஞானசபைக்குள், கொலையும் புலையும் (உயிர்க்கொலையும் புலால் உண்பதும்) தவிர்த்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. உயிரிரக்கத்தில் பிறந்த விதிதான், ஐயமில்லை. ஆனால் புலால் உண்ணாமை மேல்சாதிப் பெருமையின் அடையாளமாகவும் இருந்த ஊரில், அந்த வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தவர்கள் பெரும்பாலும் யார்? சாதியைப் பொய் என்றவரின் சிந்தனையிலும் அவர் வளர்ந்த சைவச் சூழலின் சுவடு இருந்ததா? வகுப்பறையில் இதைக் கேட்க மாணவர்களை விடுங்கள். வள்ளலார் அதைத் தாங்குவார்.

என் வேண்டுகோள் பெரிதல்ல. ஜீவகாருண்ய ஒழுக்கத்தை முழுமையாகப் பாடத்தில் வையுங்கள். பஞ்சகால அரசு ஆவணங்களிலிருந்து சில பக்கங்களை அதனுடன் இணையுங்கள். தேர்வில் ‘அருட்பெருஞ்ஜோதி – சிறுகுறிப்பு வரைக’ என்று கேட்பதை நிறுத்திவிட்டு, தருமச்சாலை திறந்து நான்கு ஆண்டுகளுக்குமேல் ஆன பின்னரே ஞானசபை ஏன் திறக்கப்பட்டது என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவர்களில் ஒருவன்