41, 35: எந்தக் கருவி சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாதம் எங்கள் தாமான் குடியிருப்பில் நடந்த இலவச உடல்நலப் பரிசோதனைக்கு என் தங்கையோடு போயிருந்தேன். வெறுங்காலோடு ஒரு தராசில் ஏறி நிற்கச் சொன்னார்கள். உடம்பில் கொழுப்பு 41 விழுக்காடு என்று தாளில் எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து மேசையில் சத்துமாவு டப்பா விற்பனை. பயந்துபோய் 360 ரிங்கிட்டுக்கு வாங்கினாள். இரண்டு வாரம் கழித்து வேறோர் இடத்தில், கையில் பிடிக்கும் கருவியில் பார்த்தால் 35. மாவு வேலை செய்கிறது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். எடை அரைக் கிலோகூடக் குறையவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கருவிகள் கொழுப்பை நேராக அளப்பதில்லை. நமக்குத் தெரியாத அளவு சிறிய மின்சாரத்தை உடம்பில் செலுத்தி, எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கின்றன. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் அப்படிப் போகாது. அந்தத் தடையோடு உயரம், எடை, வயது, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சூத்திரத்தில் போட்டு வரும் எண்தான் தாளில் இருப்பது. தராசில் நின்றால் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடும். கையில் பிடித்தால் மேலுடம்போடு சரி. தொப்பை இரண்டிலும் சரியாகப் பிடிபடாது.

என் வீட்டுத் தராசில் செய்து பார்த்தேன். வயது 61 என்று போட்டபோது 38.2. இறங்கி, வயதை 35 என்று மாற்றி உடனே ஏறினேன், 35.6. உடம்பு அதே உடம்புதான். இளைஞர் பூங்காவில் வியர்க்க விறுவிறுக்க நடந்துவிட்டு வந்து ஏறினால் இன்னோர் எண்.

தமிழ்ப்பள்ளியில் அறிவியல் கற்றுக்கொடுத்தவள் நான். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி தண்ணீருக்குள் எடை பார்த்து உடலின் அடர்த்தியைக் கண்டுபிடிக்கும் முறை இவற்றைவிட நம்பகமானது. அதிலும், அந்த அடர்த்தியிலிருந்து கொழுப்பைக் கணக்கிட 1961-இல் சிரி என்ற அறிவியலாளர் தந்த சூத்திரம் கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றவற்றுக்கு 1.1 என்று எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்கிறது. எலும்பு தேய்ந்த என் வயதுப் பெண்களுக்குக் கொழுப்பைக் கூட்டிக் காட்டிவிடும். டெக்ஸா எனும் எக்ஸ்ரே முறை கொழுப்பு, எலும்பு, மற்ற சதை மூன்றையும் பிரித்துக் காட்டும். அதுவும் கருவிக்குக் கருவி கொஞ்சம் மாறும்.

உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எண்ணை மட்டும் பார்த்தாலும் போதாது. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் யட்கின் இருவரின் படமும் வந்தது. இருவருக்கும் பிஎம்ஐ 22.3. டெக்ஸாவில் யட்கினுக்குக் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரியும் நம்மவர்களுக்கு இது முக்கியமான செய்தி.

முகாம் நடத்துகிறவர்களே, எந்தக் கருவியில் பார்த்தது என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மறுபடி பார்ப்பதானால் அதே கருவியில், காலையில் வெறும் வயிற்றில் பார்க்கச் சொல்லுங்கள். தராசுக்குப் பக்கத்தில் விற்பனை மேசை வேண்டவே வேண்டாம். முதலில் ஓர் அளவு நாடாவை எடுங்கள். ஆசியர்களில் பெண்களுக்கு இடுப்பளவு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

நேற்று தங்கையின் இடுப்பை என் தையல் டேப்பால் அளந்தேன். 92 செ.மீ. திங்கட்கிழமை அவளை இனிப்புநீர் சோதனைக்கு கிளினிக் கூட்டிப்போகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு