கண்மாய்க்கரை ஒலிபெருக்கியும் தவளைகளும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐப்பசி மழையில் மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் தண்ணீர் ஏறியிருக்கிறது; தவளைகளும் கத்தத் தொடங்கிவிட்டன. தூக்கம் கெடுகிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்கள் காதுக்கு அது வெறும் இரைச்சல். பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற நான் அவர்களிடம் சொல்வதையே உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

கத்துபவை பெரும்பாலும் ஆண் தவளைகள். பெண்ணை அழைக்க ஒரு குரல், பக்கத்தில் வந்து உட்காரும் இன்னொரு ஆணை விரட்ட ஒரு குரல், ஆள் தெரியாமல் முதுகில் ஏறிப் பிடித்துக்கொண்ட ஆணை இறக்கிவிட வேறொரு குரல். எந்த ஒலிக்கு எப்படிப் பதில் தருவது என்பதில் அவை காட்டும் கறார் வியப்பானது. ராபர்ட் காப்ரானிக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1965இல் வெளியிட்ட ஆய்வை இன்றும் பாடமாகச் சொல்கிறார்கள். அந்நாட்டின் பெரிய காளைத்தவளைகளுக்குப் பல இனத் தவளைகளின் குரல்களை அவர் ஒலிக்கவிட்டார். மற்றவற்றைச் சட்டை செய்யாத ஆண்கள், தம் இனக் குரல் வந்ததும் திருப்பிக் கத்தின. அடுத்து, கருவியில் செய்த ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தார். 200 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அடிக்குரலும் 1,400 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு மேற்குரலும் சேர்ந்து வந்தால்தான் பதில் கிடைத்தது. அவற்றோடு 500 ஹெர்ட்ஸ் அளவில் வலுவான ஒலியைக் கலந்தால் பதில் அடங்கிப்போனது. வயது வராத தவளைகளின் குரலில் ஓங்கி நிற்பது அந்த ஒலிதான். சிறுசுகளோடு போட்டி எதற்கு என்று விட்டுவிடுகின்றன போலும்!

போர்ட்டோ ரிக்கோ தீவில் ஒரு மரத்தவளை ‘கோ-கீ’ என்று இரண்டு அசையில் கத்தும். முதல் அசை மற்ற ஆண்களுக்கு. அதை மட்டும் ஒலிக்கவிட்டாலே ஆண் பதில் தருகிறது. இரண்டாவது அசை பெண்ணுக்கு.

நம் ஊருக்கு வருகிறேன். மழைக்குப் பின் கண்மாய் ஓரம் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சள் பூசியதுபோல் நிறம் மாறிய பெரிய ஆண் தவளை ஆழமில்லாத தண்ணீரில் கிடக்கும். கத்தும்போது வாய் திறப்பதில்லை. தாடையின் இரு பக்கமும் நீல நிறப் பைகள் புடைத்து எழும், அடங்கும். சைலன்சரைக் கழற்றிய பைக் ஒன்று கரைமேல் போனால் பைகள் சட்டென்று சுருங்கிவிடும். சத்தம் தேய்ந்து சற்று நேரம் கழித்து எங்கோ ஒன்று தொடங்கும், அதைக் கேட்டு அடுத்தது, பிறகு கண்மாய் முழுதும். தாய்லாந்தில் செய்து 2005இல் வெளியான ஆய்வும் இதைத்தான் பேசுகிறது. விமானச் சத்தமும் மோட்டார் சைக்கிள் சத்தமும் கேட்டபோது அங்கே சில இனங்கள் கத்துவதைக் குறைத்துக்கொண்டன. ஓர் இனம் மட்டும் அதிகமாகக் கத்தியது. மற்றவை அடங்கியதை அது வாய்ப்பாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள்.

பைக் ஒரு நிமிடத்தில் போய்விடும். ஆனால் எங்கள் பகுதிக் கண்மாய்க்கரையில் போட்டிருக்கும் நடைபாதையில், தண்ணீரைப் பார்த்தாற்போல் ஒலிபெருக்கிகள் கட்டியிருக்கிறார்கள். மாலை மயங்கியதிலிருந்து பாட்டு ஓடுகிறது. நடக்க வருகிறவர்களுக்குப் பாட்டு இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தில் செய்ததுதான், மறுக்கவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. தவளைகளோ இருட்டத் தொடங்கும்போதே அழைக்க ஆரம்பித்துவிடுகின்றன. வருடத்தில் தண்ணீர் நிற்கும் சில வாரங்களுக்குள் அவை கூடி முட்டையிட்டு, தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும். அழைப்பே எடுபடாவிட்டால் பெண் எதைக் கேட்டு வரும்?

ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதங்களுக்கு மட்டுமாவது மாலை 6 மணிக்கு மேல் கண்மாய்க்கரை ஒலிபெருக்கிகளை நிறுத்தி வைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். கரையில் குடியிருப்போர் சங்கங்களும் இதற்கு மனு கொடுக்கலாம். உங்கள் நாளிதழ் ஒரு நிருபரை இருட்டிய பிறகு ஏதாவது ஒரு கண்மாய்க்கு அனுப்பி, பாட்டு ஓடும்போதும் நின்ற பிறகும் அங்கே என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
மதுரை.